தாழை பிடுங்கிய கரை

றிஸ்வான் நானா, இன்று காலை வாப்பாவும் உங்கள் தங்கச்சி நானும் ஓடைக்கரையில் தாழங்கன்று நட்டோம். ஈரச் சாக்கைப் பிரித்ததும் வேர் மணம் வந்தது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்த அதே மணம்.

அப்போது கரை முழுக்கத் தாழை அடர்ந்து கிடந்தது. ஓடையில் சட்டி பானை கழுவுவது என் வேலை. ஒருநாள் சோம்பலில், "உம்மா, தாழைக்குள்ள பாம்பு!" என்று கத்தினேன். பொய்தான். வாப்பா மண்வெட்டியோடு இறங்கி, இரண்டே நாளில் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப் போட்டார்.

"பாம்ப வெரட்டிட்டீங்க வாப்பா. இனி ஓடை வீட்டுக்கு வரும், தேத்தண்ணி ஊத்தி வைங்க" என்று நீங்கள் சிரித்தீர்கள்.

மண்ணைப் பிடித்திருக்க வேர் இல்லாமல், அந்த மாரி மழையிலேயே கரை இடியத் தொடங்கியது. முதலில் கொய்யா மரம் போனது. பிறகு வேலி போனது. மேலே புல் பச்சையாகவே இருக்கும். அடியில் தண்ணீர் மண்ணைக் குடைந்திருக்கும். போன மழையில் ஆட்டை அவிழ்க்க ஓடிய நீங்கள் அந்தப் புல்லில்தான் கால் வைத்தீர்கள். கரையோடு போய்விட்டீர்கள்.

இன்று வாப்பா கன்றைச் சுற்றி மண்ணைக் கையால் அழுத்தியபடி, "இனி பாம்பு வந்தா வரட்டும் மகள், நான் வெட்ட மாட்டேன்" என்றார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் அடுத்த கன்றை என்னிடம் நீட்டினார். மலைப்பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. கன்றுகள் இன்னும் வேர் பிடிக்கவில்லை.

இதை வாசிக்கிற எல்லாரும் என் நானாவுக்காக இறைவனிடம் துஆ கேளுங்கள். அவர் உறங்கும் கப்றை அல்லாஹ் விசாலமாக்கட்டும்.