மாமாவை நான் நிற்கவைத்த இடம்

குதிரை லாயத்தில் மூன்று வாரப் பயிற்சி முடித்த கால்நடை மருத்துவ மாணவி நான். அந்தத் தைரியத்தில் இன்று கோப்பெங்கில், மாமா வீட்டில் மடி வீங்கிய மாட்டைப் பார்க்கப் போனேன்.

"பின்னால நிக்காதீங்க மாமா, உதைக்கும். இப்படிப் பக்கவாட்டுல வாங்க" என்று அதிகாரமாகச் சொன்னேன். வந்தார்.

குதிரை நேராகப் பின்னால் உதைக்கும். மாடு காலைச் சுழற்றிப் பக்கவாட்டில் உதைக்கும். படித்த பாடம்தான். மாமா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு ஞாபகம் வந்தது.

கிளினிக்கில் எப்படி அடிபட்டது என்று நர்ஸ் கேட்டார்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்லா" என்றார் மாமா, என் பக்கம் திரும்பாமலேயே. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காரில் ஏறும்போதுதான் என்னிடம் பேசினார். "நாளைக்கு வந்து மாட்டப் பாரும்மா. நான் எங்க நிக்கணும்னு மட்டும் இப்பவே சொல்லிடு."

மாமாவை எங்கே நிற்கச் சொல்வது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.