ஜிமிக்கியைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் நடன நகைகள் விற்கும் கடை. அதன் மாடியில் உட்கார்ந்து படம் வெட்டுவது என் வேலை. நகையின் படத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் கொடுத்தால், கடையின் வலைத்தளம் அதை அரக்குச் சிவப்பின் மேல் காட்டும். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றுபோன எனக்கு, ஓரம் சுத்தமாக வெட்டுவாள் என்ற பெயர் ஒன்றுதான் சொத்து.

சென்ற ஆண்டு தளத்தைப் புதிதாக்கினார்கள். பெருங்குடியில் வேலை பார்க்கும் ஒரு என்ஜினீயர் எழுதிக் கொடுத்தார். நான் தரும் பெரிய படத்தை அவருடைய புரோகிராம் சின்னதாக்கும். சின்னதாக்கிய ஒவ்வொரு ஜிமிக்கியைச் சுற்றியும் வெள்ளைக் கோடு நின்றது.

"இன்னாம்மா இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கீது" என்றார் முதலாளி.

"கட்டிங் சரியில்ல சார். அக்காவ மொதல்ல கண்ணாடி மாத்தச் சொல்லுங்க" என்றார் என்ஜினீயர், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல். முதலாளி சிரித்தார். கூச்சத்தில் நானும் சிரித்துவைத்தேன். அதை நினைத்தால் என் மேலேயே இன்னும் கோபம் வருகிறது.

எல்லாவற்றையும் திரும்ப வெட்ட வேண்டும், இல்லையென்றால் வேலையை வெளியே கொடுத்துவிடுவேன் என்றார் முதலாளி. ஓரத்தை உள்ளே தள்ளி நாற்பது படங்களை வெட்டினேன். தொங்கும் முத்துகளின் விளிம்பு சிதைந்தது. பழைய படங்களின் மேலேயே சேமிக்கச் சொன்னதால் நல்லவையும் போயின. கோடு மட்டும் போகவில்லை.

என் கணினியிலேயே ஒரு படத்தைச் சின்னதாக்கிச் சிவப்பின் மேல் வைத்துப் பார்த்தேன். கோடு இல்லை. அப்படியானால் தவறு என் வெட்டில் இல்லை.

வெட்டி முடித்ததும் வெளிப்பக்கம் முழுவதையும் வெள்ளையால் நிரப்பி, பிறகு மறைப்பது என் பழக்கம். மறைப்பது அழிப்பதல்ல. நிறம் அடியில் அப்படியே இருக்கும். இதைக் காட்டாதே என்ற குறிப்பு மட்டும் கூடவே போகும். ஒரே ஒரு ஜிமிக்கிக்கு வெள்ளைக்குப் பதிலாகக் கிளிப்பச்சையை நிரப்பி, முழுக்க மறைத்துத் தளத்தில் ஏற்றினேன். பச்சைக் கோடு பளிச்சென்று வந்தது.

என்ஜினீயர் வந்தபோது அதைக் காட்டினேன்.

"எதுக்குக்கா பச்சை போட்டீங்க?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னு மறைச்சு வெச்சது தம்பி. உங்க புரோகிராம் எப்படிப் பாத்துச்சு?"

அவர் லேப்டாப்பைத் திறந்தார். முதலாளி, "சொல்லு நைனா, யாரு கண்ணாடி மாத்தணும்?" என்றார்.

படத்தைச் சின்னதாக்கும்போது பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து ஒரு புள்ளியாக்குவார்களாம். மறைந்த புள்ளியின் நிறத்தையும் என்ஜினீயர் சமபங்காகக் கலந்திருக்கிறார். எந்தப் புள்ளி எவ்வளவு தெரிகிறதோ அந்த அளவுக்குத்தான் அதன் நிறத்தைச் சேர்க்க வேண்டும். டீ ஆறுவதற்குள் திருத்திவிட்டார். கோடு போய்விட்டது. எனக்கு நாற்பது படம் போனது.

அன்று மதியம் கடையின் வாட்ஸப் குழுவில் எழுதினார்: 'இரண்டு பக்கமும் சின்னத் தவறு. சரிசெய்தாயிற்று.'

முதலாளி மாடிக்கு வந்து, "அந்த நாப்பதையும் சீக்கிரம் முடிச்சுடும்மா" என்றார்.

"என் பக்கம் இன்னா தப்புன்னு அவர எழுதச் சொல்லுங்க. அப்புறம் வெட்டறேன்."

"வுடும்மா. படிச்ச புள்ள, வாய் தவறி எழுதிட்டான்."

"கையால எழுதினதுதான சார்."

மவுஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். முதலாளி இரண்டு முறை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் குழுவில் இன்னொரு வரி வந்தது: 'கட்டிங் சரி. பிழை என் புரோகிராம் கோடில்.' மன்னிப்பு என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. முதல் ஜிமிக்கியைத் திறந்து, சிதைந்த முத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தேன்.