அட்டைப் படத்தில் அண்ணன் ஏன் திரும்பிப் பார்க்கிறார்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் பாதிப் பேர் அட்டையைப் பார்த்து முகம் சுளித்திருப்பீர்கள். எனக்குத் தெரியும். சென்ற பங்குனியில் எங்களை விட்டுப் பிரிந்த என் அண்ணன், அந்தப் படத்தில் நம்மைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி எங்கோ பின்னால் பார்க்கிறார். ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த தகரம் வேறு தெரிகிறது. அச்சகத்தில் கணினி முன் உட்கார்ந்திருந்தவர், தலையை மட்டும் தனியாக வெட்டி நேராக்கி, கோட்டும் டையும் மாட்டி, பின்னால் ஒரு அருவியும் வைத்துத் தருவதாகச் சொன்னார். தன் கல்யாணத்துக்கே கோட்டுப் போடாத மனிதருக்குச் செத்த பிறகு எதற்கய்யா கோட்டு? அருவியாம், அருவி. எங்கள் ஊர்ப் பக்கம் குழாயில் தண்ணீர் வந்தாலே அது ஒரு செய்தி. இந்தப் படம்தான் வேண்டும் என்று நான் அடம்பிடித்து நின்றேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணன் உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, முந்திரிக் காட்டை ஒட்டிய எங்கள் வீட்டில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அவர் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா போய்விட்டார். மறுமாதமே லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுநரானார். என்னைப் படிக்க வைத்ததும், பத்திரப் பதிவு அலுவலகத்தில் நான் உத்தியோகம் பார்த்ததும், ஜெயங்கொண்டத்தில் என்னைக் கட்டிக்கொடுத்ததும் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்த கைகளால்தான். பெரம்பலூரில் வீடு கட்டிக் குடியேறிய பிறகும் ஓட்டம் நிற்கவில்லை.

இதைப் படிக்கும் உறவினர்களே, உங்களில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு அண்ணன் வேன் ஓட்டவில்லை? யார் வீட்டுப் பிரசவத்துக்கு ஓட்டவில்லை? மண்டபத்தில் நாமெல்லாம் பந்தியில் உட்கார்ந்து பாயசம் இன்னும் ஒரு கரண்டி கேட்டுக்கொண்டிருக்கும்போது, அண்ணன் வெளியே வேனுக்குள் காலை நீட்டிக் கண் அயர்ந்துகொண்டிருப்பார். திரும்ப ஓட்ட வேண்டுமே. ஓய்வு பெற்ற பிறகோ கேட்கவே வேண்டாம். "வூட்டுல சும்மாத்தான இருக்கீங்க மாமா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்" என்று போன் வரும். ஒரு எட்டாம். வேப்பந்தட்டையிலிருந்து மீன்சுருட்டி வரை அது என்ன எட்டோ, எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அப்போதும் சிரித்தீர்கள்.

நெடுஞ்சாலையோரம் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. பெயர் போட்டு அதற்கு விளம்பரம் செய்ய எனக்கு விருப்பமில்லை. அதை முதலில் கட்டிய பெரியவர் விவரமானவர். இந்த மண் ஒரு காலத்தில் கடலாகக் கிடந்தது என்று தெரிந்துகொண்டு, 'கடல் ரயில்' என்று ஒன்று அமைத்திருந்தார். மூன்று பெட்டி, ஆளை இடிக்காமல் மெதுவாகப் போகும் சின்ன ரயில். அது ஒரு குகைக்குள் நுழையும். சுவரில் கடல், சிமென்டில் செய்த சுறா, வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு நத்தை, முட்டையை அணைத்துக்கொண்டு படுத்திருக்கும் டைனோசர். கடைசி வளைவில் கும்மிருட்டு. அங்கே கூரைக் குழாயிலிருந்து ஜில்லென்று நாலு சொட்டுத் தலையில் விழும். விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் முந்தானையையும் துண்டையும் தலைக்குப் போடுவோம். அண்ணன் மட்டும் முகத்தை மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் முறை போனபோதே அண்ணன் அந்தப் பெரியவரிடம் போய், சுரங்கத்தில் தான் பார்த்த, கல்லாகிப்போன நத்தையில் முதுகு முழுக்க வரிவரியாகக் கோடு இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். மறுவருஷம் போனால் சிமென்ட் நத்தைக்குக் கோடு விழுந்திருந்தது. அண்ணனுக்கு அன்று பெருமை பிடிபடவில்லை. அதிலிருந்து காணும் பொங்கலுக்குக் காணும் பொங்கல், வேன் பிடித்து எங்கள் எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, தானே ஓட்டி, அங்கே கொண்டுபோய் இறக்குவார். நாங்கள் ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு என்று சிதறுவோம். அவர் கடல் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் இறங்க மாட்டார். ஒரு முறை நான், "அப்படி என்னண்ணே இருக்கு அதுல?" என்று கேட்டேன்.

"நான் ஓட்டாம உட்கார்ந்து போற வண்டி இது ஒண்ணுதாம்மா" என்றார்.

அந்தப் பெரியவர் காலமானதும் பூங்கா வேறு கைக்கு மாறியது. அன்று பிடித்தது சனி. புதிதாக வந்தவர்களுக்கு எதையும் இருந்த இடத்தில் இருக்க விட்டால் கை அரிக்கும் போலிருக்கிறது. முதலில் அந்த நாலு சொட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள். கேட்டால், வருகிறவர்களின் செல்போன் நனைகிறதாம். பிறகு நத்தைக்கு ரோஸ் கலர் அடித்து, கண் வைத்து, கண்ணுக்கு இமை வைத்து, இமைக்கு மையும் வைத்தார்கள். நத்தைக்கு மை! அண்ணன் சொல்லி விழுந்த கோடுகள் அந்த ரோஸ் பூச்சுக்கு அடியில் போயின. டைனோசர் ஊதா நிறமாகி, இடுப்பை ஆட்டி இங்கிலீஷில் பிறந்தநாள் பாட்டுப் பாட ஆரம்பித்தது. முட்டையை எடுத்துவிட்டுக் கையில் ஐஸ்கிரீம் கொடுத்திருந்தார்கள். காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற வேண்டும் என்று அண்ணனுடைய மூத்த மகன் விளக்கம் சொன்னான். அவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன், அவனுக்கு எல்லாமே அப்டேட் ஆகிக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணன் அந்த ஊதாக் கண்றாவியைத் தாண்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போய் வந்தார்.

அண்ணனுக்கு நுரையீரலில் கோளாறு என்று டாக்டர்கள் சொன்ன பிறகு இரண்டு வருஷம் எங்கும் போகவில்லை. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து மகனுடைய போனில் ஒரு விளம்பரம் வந்தது. 'பழைய நினைவுகள் திரும்புகின்றன! உங்கள் கடல் ரயில், புதுப் பொலிவுடன்!' என்று. அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் காணும் பொங்கலுக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். இதுதான் கடைசி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரிந்திருந்தது, ஆனால் வாயைத் திறந்து யாரும் சொல்லவில்லை. ஆக்டிங் டிரைவர் ஒருவரை வைத்துக்கொண்டு வேனில் பதினெட்டுப் பேர் போனோம்.

போய்ப் பார்த்தால் குகையே இல்லை. இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் தகரக் கொட்டகை ஒன்று. அதற்குள் நாற்காலிகள், எதிரே திரை, போட்டுக்கொள்ளக் கண்ணாடி. அதற்குப் பெயர் கடல் ரயிலாம். நாற்காலியோடு இடுப்பைக் கட்டி, நம்மை உலுக்கு உலுக்கென்று உலுக்குகிறார்கள். எந்த நாட்டுக் கடலோ, எந்த நாட்டுத் திமிங்கிலமோ, மூஞ்சிக்கு நேரே வந்து வாயைப் பிளக்கிறது. எனக்குக் காலையில் சாப்பிட்ட பொங்கல் தொண்டை வரை வந்துவிட்டது. அண்ணன் பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பொத்தான் அமுக்கும் பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது எங்கப்பா போவுது?"

"எங்கயும் போகாதுங்க ஐயா. சேர்தான் ஆடும்."

"ஆடுற சேர்ல உட்காரணும்னா நான் எங்க தெரு டீக்கடைக்கே போயிருப்பனே" என்றார் அண்ணன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

வெளியே வந்தால் பழைய ரயில் பெட்டிகள் மூன்றும் வெயிலில் நின்றன. இன்ஜினை எந்தக் காயலான் கடையில் போட்டார்களோ. பெட்டிகளுக்கு மஞ்சள் பெயின்ட், மேலே இதயம் வரைந்த ஒரு பலகை, அதில் 'செல்ஃபி பாயின்ட்'. குகையை இடித்த புண்ணியவான்களுக்குத் தண்டவாளத்தைப் பெயர்க்கச் சோம்பல் போலிருக்கிறது. புல்லுக்கு நடுவே வட்டம் அப்படியே கிடந்தது. அண்ணன் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடைசிப் பெட்டியில் தன் பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்தார். மூச்சு அடங்கும்வரை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூத்த மகனையும் மகளைக் கட்டிய மாப்பிள்ளையையும் பார்த்துச் சொன்னார்.

"டேய், தண்டவாளம் இருக்குதுல்ல. ஒரே ஒரு சுத்து தள்ளுங்கடா."

இந்த இடத்தில்தான் நான் உங்களை எல்லாம் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும். என்னையும் சேர்த்துத்தான். நடுரோட்டில் வேன் நின்றுபோனால் இறங்கித் தள்ளாத ஆண்பிள்ளை நம் குடும்பத்தில் உண்டா? அன்று அங்கே தடித்தடியாக ஒன்பது பேர் நின்றீர்கள். என்ன செய்தீர்கள்? சிரித்தீர்கள். மகன், "அப்பா, எல்லாரும் பாக்குறாங்க, சும்மா உட்காருங்க, போட்டோ எடுத்துக்கலாம்" என்றான். மாப்பிள்ளை புது வெள்ளைச் சட்டையில் அழுக்குப் பட்டுவிடும் என்று நாலடி தள்ளி நின்றார். அண்ணி, மூச்சு வாங்குகிறது, இறங்குங்கள் என்று கெஞ்சினார். அண்ணியை நான் குறை சொல்ல மாட்டேன், ஆஸ்பத்திரியில் ராப்பகலாக உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

நான் என்ன செய்தேன் என்றும் எழுதிவிடுகிறேன். "வயசானா புத்தி கொழந்தையாப் போயிடும்போல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்தேன். "அண்ணே, இங்க பாருண்ணே" என்றேன்.

அண்ணன் பார்க்கவில்லை. நான் படத்தை அமுக்கிய நொடியில் பெட்டி அசைந்து, அவர் பின்னால் திரும்பிவிட்டார். பின்னால் பூங்காவைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து பெட்டியில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பச்சைச் சேலைக்கு மேல் பூங்காவின் சட்டையைப் போட்டிருந்த, ஒடிசலான அம்மா. துருப்பிடித்த சக்கரம் கிறீச்சென்று கத்தி ஒரு முழம் நகர்ந்திருக்கும். அதற்குள் காவலாளி விசில் அடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டார்.

"யாரும்மா அது?" என்று அண்ணன் கேட்டார்.

"கூட்டிப் பெருக்குறவதாங்க ஐயா. ஒத்தை ஆளால முடியலைங்க."

"நகந்துச்சும்மா. போதும், எனக்குத் தெரிஞ்சுச்சு" என்றார் அண்ணன்.

திரும்பி வரும்போது வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஆக்டிங் டிரைவர் கியர் மாற்றும் அழகைப் பார்த்துக்கொண்டே வந்தார். பங்குனியில் ஒரு நாள் காலை, அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது உயிர் பிரிந்தது.

அன்று தோள் கொடுக்க நீங்கள் போட்ட போட்டியைப் பார்த்தேனே! மகன் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம், "நான் பிடிக்கிறேன், நான் பிடிக்கிறேன்" என்று முண்டியடித்தீர்கள். வெள்ளைச் சட்டை அழுக்காவதைப் பற்றி அன்று யாருக்கும் கவலை இல்லை. எங்கள் வழக்கப்படி வாசலில் பாடையைத் தூக்கி மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் தெருவில் இறங்கினார்கள். ஒரு சுற்றுக் கேட்டவருக்கு மூன்று சுற்று. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் அண்ணன் போன துக்கத்தில் அழுதார்கள். நான் வெட்கத்தில் அழுதேன்.

நன்றி சொல்ல வேண்டும், அதுதான் முறை. அண்ணனைத் தன் தகப்பனாரைப் போலக் கவனித்த டாக்டருக்கும், செவிலியருக்கும் எங்கள் வணக்கம். துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் எங்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்த எதிர்வீட்டாருக்கும், சுரங்கத்தில் அண்ணனோடு வண்டி ஓட்டி, வயதான காலத்திலும் வரிசையாக வந்து நின்ற தோழர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். பூங்காக்காரர்களுக்கு நன்றி கிடையாது. அவர்கள் அந்த நத்தையின் கண் மையைத் துடைத்துவிட்டு வரட்டும், பிறகு யோசிக்கலாம்.

இன்னொருவர் மிச்சம். போன வாரம், அட்டையின் மாதிரித் தாள் அச்சகத்திலிருந்து வந்ததும், அதை எடுத்துக்கொண்டு நான் மட்டும் பஸ் ஏறிப் பூங்காவுக்குப் போனேன். அந்த அம்மா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டிருந்தார். பெயர் கேட்டேன், சொன்னார். மலரில் போடலாமா என்றதும், வேண்டாம், வேலைக்கு ஆபத்து வந்துவிடும் என்றார். அதனால் எழுதவில்லை. விவரம் ஒன்றும் சொல்லாமல் தாளை மட்டும் அவர் கையில் கொடுத்தேன். இந்த ஒரு மாதத்தில் என் கைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்த அத்தனை சொந்தக்காரர்களும் கேட்ட கேள்வி, "எங்க பாக்குறாரு?" என்பதுதான். அவர் கேட்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னையத்தான் பாக்குறாருங்க" என்றார்.