கையெழுத்துப் போடாத மெக்கானிக்

லிஃப்டுக்குள் ஏறியதும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். பொத்தானைக் கூடத் தடவிப் பார்த்துத்தான் அழுத்துவார். "ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல ஒரு முனகல் இருக்கு, கேட்டீங்களா?" என்பார். எனக்கு ஒன்றும் கேட்டதில்லை. பிறகு மொட்டை மாடி அறைக்குப் போய், நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார். எங்கள் குடியிருப்பில் அவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருடமாக இதே வேலை. ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்திருப்பது இரண்டு வருட விசாவில். ஒப்பந்தக்காரர் கைவிட்டால் அதுவும் போய்விடும். முன்பு லிஃப்ட் கம்பெனியே சொந்தமாக ஆறு மெக்கானிக்குகளை வைத்திருந்தது. திடீரென்று பராமரிப்பு முழுவதையும் ஒப்பந்தத்துக்கு விட்டு, ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அந்த இடத்துக்கு விசாவில் வந்தவர்கள் மூன்றே பேர். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு லிஃப்ட் என்று கணக்கு. டாக்டர் ஏழைத் தாண்டமாட்டார். "எண்ணுறதுக்கு வேற ஆளை வச்சுக்கட்டும். நான் பார்க்க வந்தவன்."

வேலை போன ஆறு பேரில் ஒருவர் எங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடியில் இருக்கிறார். டாக்டரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "பாதிச் சம்பளத்துக்கு வந்து எங்க வயித்துல அடிச்சுட்டான்" என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறார். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. "அடி விழுந்தது நிஜம்தான். என் கையைப் பிடிச்சு அடிச்சது வேற ஆளு" என்றார் என்னிடம்.

போன மாதம் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் தரைக்கு இரண்டு விரற்கடை கீழே போய் நிற்கத் தொடங்கியது. மேலே ஏறிப் பார்த்த டாக்டர் மெயின் சுவிட்சை அணைத்தார். தம் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிரேக் கட்டை தேய்ந்து வெறும் தகடாகிவிட்டதாம். ஒரு மணி நேரத்தில் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் வந்து நின்றார். டாக்டரைவிடப் பதினைந்து வயதாவது இளையவர்.

"புது பிரேக் வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஓடட்டும். நல்லா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

"நல்லா இல்லையே சார்."

"உன் விசா யார் கையில இருக்குன்னு தெரியும்ல?"

"தெரியும் சார். விசா உங்க கையில. கையெழுத்து என் கையில."

பராமரிப்புப் புத்தகத்தைப் பிரித்து, பார்த்ததைப் பார்த்தபடி நேரம் போட்டு எழுதினார். அந்தப் பக்கத்தை என் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து ஊரிலிருக்கும் மனைவியைக் கூப்பிட்டார். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது.

"போட்டுட்டீங்களா?"

"போடல."

"சரி. சாப்பிட்டீங்களா?"

மறுநாளே அவருக்கு வேலை இல்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை விமானத்துக்கு டிக்கெட்டும் வந்தது. ஒன்பது மாடி ஏறி மூச்சு வாங்கிய நான் முதல் இரண்டு நாள் அவரைத்தான் திட்டினேன். ஆனால் மூன்று வாரம் ஆகும் என்ற பிரேக், அவர் பூட்டை உடைக்க யாரும் துணியாததால் ஆறாம் நாளே வந்து சேர்ந்தது. கழற்றிப் போட்ட பழைய கட்டையை மூன்றாவது மாடிக்காரர் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் விமானம் ஏறவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். விசாரணை முடியும்வரை அவரை அனுப்பக் கூடாது என்று உத்தரவாயிற்று. "நிதானமா விசாரிக்கட்டும். எனக்கென்ன அவசரம்?" என்கிறார்.

நேற்று இரண்டாவது விசாரணை. நானும் சாட்சி. டாக்டர் இஸ்திரி போட்ட சட்டையோடும் கருவிப்பையோடும் வந்திருந்தார்.

"வேலையே இல்லையே, பை எதுக்கு?" என்றேன்.

"பை இல்லாம வந்தா, நானா வேலையை விட்ட மாதிரி ஆயிடும்."

சுவரோரம் நாலே நாற்காலிகள். நானும் அவரும் நடுவில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது மாடிக்காரர், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே அந்தப் பிரேக் கட்டை.

"நானும் இருபது வருஷம் பார்த்த வேலைதான். இதைப் பார்த்துட்டு எவனாவது நல்லா இருக்குன்னு சொல்லட்டும்" என்றார், டாக்டரின் முகத்தைப் பார்க்காமலே.

டாக்டர் தலையை மட்டும் அசைத்தார்.

அப்போது மேற்பார்வையாளர் உள்ளே வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த ஒரே நாற்காலியை நோக்கி நடந்தார். டாக்டர் மடியிலிருந்த கருவிப்பையைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.