செய்தியக்காவும் பின்வாசலும்

அறிவிப்புப் பலகையை நான்காவது முறையாகக் கடந்து போகிறார் செய்தியக்கா. முதல் முறை சாதாரண நடை. இரண்டாவது முறை, வகுப்புக்கு நேரமாகிவிட்டவர்களின் ஓட்டமும் நடையும். மூன்றாவது, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே. இப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. பலகையில் குத்தியிருப்பது அரைமணி நேரத்துக்கு முன்னால் அவரே எழுதிய தாள்தான். “நின்னு படிக்கிறவங்களுக்கு எழுதறது சுலபம். அவங்க எப்படியும் படிச்சிடுவாங்க. நடந்துகிட்டே பாக்கறவங்க கண்ணுல விழணும். அதுதான் வேலையே” என்கிறார். ஐந்தாவது முறையும் போய்த் திரும்பிவிட்டு, தாளைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போகிறார். ‘லிஃப்ட்’ என்ற சொல் இன்னும் பெரிதாக இருக்க வேண்டுமாம்.

பல்கலைக்கழக நூலகத்தில் அவருடைய பதவிக்கு ‘செய்தி மற்றும் சேவைகள் பொறுப்பாளர்’ என்று பெயர். அறைக்கதவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்தக் கதவை யாரும் பார்ப்பதில்லை. அவர் அந்த அறைக்குள் இருந்தால்தானே பார்ப்பதற்கு? மாணவர்களுக்கு அவர் செய்தியக்கா. ஐம்பத்திரண்டு வயது, குள்ளமான உருவம், ஓசையே எழுப்பாத ரப்பர் செருப்பு. பின்னால் வந்து நின்று “என்ன தேடறீங்க?” என்று கேட்டுத் தூக்கிவாரிப்போட வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வாரம் ஒரு செய்திமடல் எழுதுகிறார். புதிதாக வந்த புத்தகங்கள், மாறிய நேரங்கள், புதிய வசதிகள் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். மின்னஞ்சலில் போகும், வாசல் திரையில் ஓடும், பலகையில் தொங்கும். எந்த வசதியையும் தானே பயன்படுத்திப் பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர். புத்தகத்தைத் திருப்பிப் போடும் பெட்டி வந்தபோது அதில் இருபது புத்தகங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மெலிந்த புத்தகங்கள் எல்லாம் பின்பக்க இடுக்கில் போய் மாட்டிக்கொண்டன. பெட்டியைப் பொருத்த வந்த பொறியாளர், “மேடம், யாரு இவ்வளவு ஒல்லியான புத்தகத்தை எடுக்கப்போறாங்க?” என்றார். “கவிதை படிக்கிறவங்க எல்லாம் மனுஷங்க இல்லையா?” என்று கேட்டுவிட்டு, இடுக்கை அடைக்கும்வரை செய்தியை நிறுத்தி வைத்துவிட்டார்.

பார்வையற்றவர்களுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் கருவி வந்த அன்று, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். எல்லா விசைகளும் வழவழவென்று ஒரே மாதிரி இருந்தன. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானைக் கொண்டுவந்து, முதல் விசையின் மேல் பசை போட்டு ஒட்டினார். நாலு வருடமாக அந்தப் பொத்தான் அங்கேயே இருக்கிறது. கணவருடைய சட்டையில் அதன் இடம் காலியாகவே இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் இப்போதெல்லாம் அலுத்துக்கொள்வதுகூட இல்லை. “எங்க வீட்டு ஃபிரிட்ஜ்லயே அறிவிப்பு ஒட்டியிருக்குங்க. ‘தயிர் இரண்டாவது தட்டில். மூடியைத் திறந்தால் மூடவும்.’ யாருக்கு எழுதினாள்னு நினைக்கிறீங்க? வீட்ல இருக்கறது நாங்க ரெண்டே பேர்” என்கிறார். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமைதான் தெரிகிறது.

அக்காவின் பெருமை வேறு. “இருபத்திரண்டு வருஷத்துல திருத்தம்னு ஒண்ணு நான் போட்டதே இல்ல” என்று யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். உண்மைதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் அவர் செய்தியில் ஒரு தேதி தப்பாக இருக்காது. போன வருடம் ஒரு சனிக்கிழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

நூலகத்தில் உட்கார இடமில்லை என்று மாணவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த சமயம் அது. நான்காவது மாடியின் ஒரு பகுதியைக் காலி செய்து படிப்பறையாக்குவது என்று குழு முடிவெடுத்தது. அங்கே பத்து வருடமாக யாரும் தொடாத புத்தகங்கள் எவை என்று கணினியைக் கேட்டார்கள். ஆயிரத்து நூறு என்றது. வேண்டுமென்பவர்கள் சொன்னால் வைத்துக்கொள்வது, மற்றவற்றைக் காகித ஆலைக்கு அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு. அக்கா மூன்று வாரம் தொடர்ந்து செய்தி போட்டார். ‘இந்தப் பட்டியலில் உங்களுக்கு வேண்டிய புத்தகம் இருக்கிறதா? ஒரு வரி எழுதுங்கள், போதும்.’ பதினொரு பேர் எழுதினார்கள். அவர்கள் கேட்டதை எடுத்து வைத்துவிட்டு, மீதியை எழுபது பெட்டிகளில் கட்டிக் கீழே அடுக்கினார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லாரி.

சனிக்கிழமை மதியம் அக்காவின் மேசைக்கு ஒருவர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, நுனியெல்லாம் வெந்து காய்ந்த விரல்கள். ஆற்றங்கரைத் தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவர்.

“மேடம், நாலாவது மாடியில என் அலமாரி காலியா இருக்கு.”

“உங்க அலமாரியா?”

“என்னுதுன்னா... ஆறு வருஷமா சனிக்கிழமை தவறாம அதுக்கு எதிர்லதான் உட்கார்றேன். நகரசபையோட பழைய வெள்ள அறிக்கை. முப்பத்துநாலு தொகுதி. இன்னும் எட்டுதான் பாக்கி.”

வருடாவருடம் அவர் கடைக்குள் தண்ணீர் வருகிறது. தெருவுக்குக் கரைச்சுவர் கேட்டு மனுப் போட்டால், அந்தத் தெருவில் வெள்ளமே வந்ததில்லை என்று பதில் வருகிறது. “வந்துச்சுன்னு அவங்களே கைப்பட எழுதி வெச்சிருக்காங்க மேடம். எந்த வருஷம், எத்தனை அடி, எந்த வீட்டு வாசல் வரைக்கும், எல்லாம் இருக்கு. நான் சும்மா எடுத்து எழுதிக்கிட்டிருக்கேன்” என்றார். அவர் கையில் முக்கால்வாசி நிரம்பிய நீளநோட்டு இருந்தது.

அக்காவுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. “மூணு வாரம் செய்தி போட்டேனே, பாக்கலையா?”

“எந்தச் செய்தி மேடம்?”

அவர் வெளியாள். அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே உட்கார்ந்து படிக்கலாம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. வெளியாட்களின் முகவரிக்கு மின்னஞ்சல் போவதில்லை. சரி, பலகை? திரை? “எந்த வாசல் வழியா வருவீங்க?” என்று அக்கா கேட்டார்.

“பின்வாசல்தான். வண்டியை அங்கதான் நிறுத்த விடறாங்க.”

அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். ஒரு தீயணைப்புக் குழாய், ‘கதவை மெதுவாகச் சாத்தவும்’ என்ற பழைய தகடு, மற்றபடி வெறும் சுவர். முன்வாசல் பலகையை எத்தனை விதமாக நடந்து பார்த்தவர்! இந்தப் பக்கமாக ஒரு நாளும் உள்ளே வந்து பார்த்ததில்லை.

“சரி, ஆறு வருஷமா படிக்கிறீங்க. அப்புறம் எப்படி யாருமே தொடலேன்னு கணக்கு காட்டுது? படிச்சு முடிச்சதும் புத்தகத்தை என்ன செய்வீங்க?”

“எடுத்த இடத்துலயே வெச்சுடுவேன் மேடம். வரிசை மாறாம. அடுத்தவங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?”

போதுமே. உள்ளே படிக்கிற புத்தகங்களை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனால்தான் ஊழியர்கள் அவற்றைப் பட்டைக்குறி படிக்கும் கருவியில் காட்டிக் கணக்கில் ஏற்றுவார்கள். ‘படித்த நூலை மேசையிலேயே வையுங்கள்’ என்று ஒவ்வொரு மேசையிலும் அட்டை இருக்கிறது. அதை எழுதியதும் அக்காதான். ஏன் வைக்க வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. படித்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்களின் புத்தகமெல்லாம் பிழைத்துக்கொள்ள, இந்த ஒழுங்கான மனிதரின் முப்பத்துநாலு தொகுதியும் பெட்டிக்குள் போய்விட்டது.

அக்கா தலைமை நூலகரைத் தொலைபேசியில் பிடித்தார். நல்ல மனிதர், அக்காவை விட வயதில் சிறியவர். “எந்தப் பெட்டியில எது இருக்குன்னு யாருக்கு மேடம் தெரியும்? குழு கையெழுத்துப் போட்டாச்சு. சரி, முப்பத்துநாலுதானே, எப்படியாவது தேடி எடுத்துக்குங்க” என்றார்.

“முப்பத்துநாலு இல்ல சார். பின்வாசல்ல வர்றவங்க யாருக்குமே செய்தி போகல. அதுல யாருக்கு எது வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்? லாரியையே நிறுத்துங்க.”

“நிறுத்தணும்னா ஒரே வழிதான் இருக்கு. அறிவிப்பு ஒழுங்கா போகலேன்னு எழுத்துல குடுக்கணும். உங்க கையெழுத்தோட. உங்க ஃபைல்ல ஏறிடும் மேடம்.”

“ஒரு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடறேன் சார்” என்று வைத்துவிட்டார்.

அந்த ஒரு நிமிடத்தை அக்கா இப்போதும் மறைப்பதில்லை. “மனசு கணக்குப் போட்டுச்சு. மின்னஞ்சல் பட்டியல் கணினிப் பிரிவோடது. வெறும் சுவர் பராமரிப்புப் பிரிவோடது. யார் தலையில வேணும்னாலும் கட்டியிருக்கலாம். முப்பத்துநாலை மட்டும் தேடிக் குடுத்திருந்தா அந்த மனுஷனும் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருப்பாரு. என் பேரும் சுத்தமா இருந்திருக்கும்.” சலவைக்கடைக்காரர் அப்போது எதிரில் நின்றுகொண்டு, நோட்டின் மடங்கிய ஓரத்தை விரலால் நீவி நேராக்கிக்கொண்டிருந்தாராம். கோபமாகக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்ததாம் அக்காவுக்கு.

எழுதிக் கொடுத்தார். லாரி நின்றது. அந்த வாரச் செய்தியில் இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக ‘திருத்தம்’ என்று தலைப்பு வந்தது. ‘மூன்று வாரமாக நான் போட்ட அறிவிப்பு, முன்வாசல் வழியே வருகிறவர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. பிழை என்னுடையது. எல்லோருக்கும் இன்னும் ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது.’ அதைப் பின்வாசலில் ஒட்டிவிட்டு, அங்கேயும் நான்கு விதமாக நடந்து பார்த்தார். வண்டி நிறுத்துமிடத்திலும் ஒன்று ஒட்டினார். அந்த ஒரு மாதத்தில் பத்தொன்பது பேர் வந்தார்கள். மருத்துவமனையில் ஷிப்ட் முடித்துவிட்டு வரும் நர்ஸ் ஒருவர், பேருந்து ஓட்டுநர் ஒருவர், தன் தெருவின் மரங்களைக் கணக்கெடுக்கும் தபால்காரர் ஒருவர். இத்தனை பேர் இந்தக் கட்டடத்துக்குள் வந்து போகிறார்கள் என்பதே தலைமை நூலகருக்குப் புதிய செய்தி. எழுபது பெட்டியையும் பிரித்தார்கள். அக்கா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு பட்டியலை வாசிக்க, சலவைக்கடைக்காரர் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு வந்து துணி மடிக்கிற நேர்த்தியோடு எடுத்து அடுக்கினார். படிப்பறையும் திறந்தது, கேட்டவர்களுக்காகத் திரும்ப வைத்த அலமாரிகள் நின்ற அளவுக்கு நாற்காலிகள் குறைவாக.

இதற்காக அக்காவை யாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. எழுதிக் கொடுத்த தாள் இன்னும் ஃபைலில்தான் இருக்கிறது. “இருக்கட்டுமே. அதுவும் ஒரு செய்திதானே?” என்கிறார்.

தொகுதிகள் அலமாரிக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை, சலவைக்கடைக்காரர் சாயங்காலம் படித்து முடித்து நோட்டை மூடினார். எழுந்து, பழைய ஞாபகத்தில் தொகுதியை அலமாரியில் வைக்கப் போனார். ரப்பர் செருப்பு சத்தமில்லாமல் வந்து நின்றது. அக்கா அவர் கையிலிருந்த தொகுதியை வாங்கி மேசைமேல் வைத்து, கையோடு கொண்டுவந்திருந்த கருவியை அதன் அட்டையில் காட்டினார். ஒரு சின்ன ஒலி எழுந்தது. கருவியின் திரையில் ‘உபயோகம்: 1’ என்று வந்தது.

அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

“இந்த ஒரு தொகுதிக்கு எத்தனை சனிக்கிழமை ஆச்சு உங்களுக்கு?”

அவர் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, தேதிகளை எண்ணிப் பார்த்தார். “இன்னிக்கோட சேத்து ஆறு, மேடம்.”

அக்கா கருவியை மறுபடி அட்டையருகே கொண்டுபோய், நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் ஒலி வரும்வரை காத்திருந்து, இன்னும் ஐந்து முறை அழுத்தினார்.