முப்பத்தைந்தில் திரும்பும் அப்டேட்

என் அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது எங்கள் வீட்டில் மதம் மாதிரி. வளைகுடாவில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. டிவி ரிமோட் மக்கர் செய்தால்கூட அம்மா அவனுக்குத்தான் போன் போடச் சொல்வாள். பேட்டரியை மாற்றியது நான், சரிசெய்த பெயர் அவனுக்கு. இருபது வருடமாக இதுதான் நடைமுறை. எனக்கு அவனைப் பிடிக்காமல் போனதற்கு இது ஒன்றே போதும், ஆனால் காரணங்கள் வேறும் இருந்தன.

நான் நர்ஸ். தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரணியல் பக்கம் எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் நானும். அப்பா பக்கவாதம் வந்து நான்கு வருடம் கட்டிலில் கிடந்தார். வேலையில் பார்த்த அதே வேலையை வீட்டிலும் பார்த்தேன். அப்பா போன பிறகு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். அவர்கள் கேட்டது ஒரு ஆங்கிலத் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம், தனி அறை வேண்டும், கேமராவில் ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மூன்று மாதம் காத்திருந்து ஒரு சனிக்கிழமை காலைக்கு இடம் கிடைத்தது. பதிவு செய்த கணினியை இடையில் மாற்ற முடியாது. அதில் எழுதவில்லை என்றால் அந்த ஆண்டுக்கான நர்ஸ் குழு நான் இல்லாமல் விமானம் ஏறிவிடும்.

நான் பதிவு செய்திருந்தது அண்ணன் கொடுத்த லேப்டாப்பை. அவன் பயன்படுத்திச் சலித்தது. திங்கட்கிழமை காலை தேர்வுக்காரர்களின் சோதனையை ஓடவிட்டேன். கேமரா சரி, மைக் சரி, இணையம் சரி. கடைசி வரியில் சிவப்பு. என் விண்டோஸ் பழையது, புதுப்பித்துவிட்டு வா என்றது.

புதுப்பிக்கச் சொன்னேன். ஓடியது. தோல்வி என்றது, கீழே நீளமாக ஒரு பிழை எண். அதைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து உட்காரும்போது எனக்குக் காலை பத்து, அவனுக்கு ஏழரை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கூப்பிட்டான்.

"ஏட்டி, ரீஸ்டார்ட் பண்ணுனியா?"

"மூணு மட்டம் பண்ணியாச்சு."

"இன்னொரு மட்டம் பண்ணு."

பண்ணினேன். அடுத்து, சிக்கலைக் கண்டுபிடிக்கும் கருவி என்று ஒன்று கணினிக்குள்ளேயே இருக்கிறது, அதை ஓடவிடச் சொன்னான். அது பத்து நிமிடம் யோசித்துவிட்டு, சிக்கல் எதுவும் தெரியவில்லை என்றது. சம்பளம் வாங்காத வேலையாள்கூட இதைவிடக் கொஞ்சம் வெட்கப்படுவான்.

செவ்வாய்க்கிழமை கறுப்புத் திரையைத் திறந்து, கோடு என்று அவன் சொல்கிற கணினிக் கட்டளைகளை அவன் சொல்லச் சொல்ல எழுத்தெழுத்தாகத் தட்டினேன். அப்டேட் சேவையை நிறுத்து, பழைய பதிவிறக்கங்கள் இருக்கும் பெட்டியைக் காலி பண்ணு, சேவையை மறுபடி தொடங்கு. நடுவே ஓரிடத்தில் இடைவெளி போட மறந்துவிட்டேன்.

"படிச்சவதானட்டி நீ? ஒரு கோடு தட்டத் தெரியல, இதுல வெளிநாடு போறாளாம்."

பதினோரு வருடமாக நரம்பு தேடி ஊசி போடுகிறவள் நான். குழந்தையின் கையில், கிழவரின் கையில், தண்ணீர் வற்றிப்போன கையில், எதிலும் இரண்டாம் முறை குத்தியது குறைவு. இதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.

புதன்கிழமை கையாலேயே நிறுவலாம் என்றான். அப்டேட்டைத் தனிக் கோப்பாக இறக்கி, அதை இரட்டைத் தட்டுத் தட்டி நிறுவுவது. அவன் அனுப்பிய இணைப்பிலிருந்து இறக்கினேன். எங்கள் ஊர் நெட்டில் அதற்கே அரை நாள் போனது. தட்டினால், இது உன் கணினிக்குப் பொருந்தாது என்று வந்தது. தப்பான வகைக் கோப்பை அனுப்பியிருந்தான். என் கணினி அறுபத்துநான்கு பிட், அவன் அனுப்பியது முப்பத்திரண்டு பிட்டுக்கானது. அவன் வாங்கிய கணினிதான் இது. போனில் மன்னிப்பு எதுவும் வரவில்லை. "ஓ, அப்படியா" என்று வந்தது.

வியாழக்கிழமை சரியான கோப்பு. பத்து சதவீதம், இருபது, முப்பது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்தில் நின்றது. திரை நீலமாகி, மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம், கணினியை அணைக்காதீர்கள் என்றது. ஒரு மணிநேரம் கழித்துப் பழைய விண்டோஸே பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது. இரண்டாம் முறையும் அதே முப்பத்தைந்து. சவத்து மெஷின் என்று வாய்விட்டுத் திட்டினேன். அடுக்களையிலிருந்து அம்மா, "ஆரட்டி ஏசுத?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை தேர்வு. அண்ணன் போனை எடுக்கவில்லை. அப்போதுதான், நான்கு நாள் கழித்து, எனக்கு ஒன்று தோன்றியது. அந்தப் பிழை எண்ணை நானே தேடிப் பார்த்தால் என்ன? இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் அண்ணனிடம் கேட்டாகிவிட்டது என்றால், அதற்குப் பிறகு வேறு யாரையும், எதையும் கேட்கிற வழக்கம் கிடையாது. மதம் என்று சும்மா சொல்லவில்லை.

கைபேசியில் எண்ணைத் தட்டினேன். முதல் பதிலிலேயே இருந்தது. ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை. அவ்வளவுதான் அதன் பொருள். கம்ப்யூட்டர் படிக்கிற முதல் வருடப் பிள்ளைக்கும் தெரிகிற எண்ணாம் அது. அதைத்தான் திங்கட்கிழமையே படம் எடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தேன். பத்தொன்பது வருடம் இதே வேலை பார்ப்பவன், பார்த்ததும் புரிந்திருக்கும். புரிந்துகொண்டே நான்கு நாள் என்னைக் கோடு தட்ட வைத்திருக்கிறான்.

எது இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. திரை முகப்பின் வலது மூலையில், அண்ணன் வைத்த ஃபோல்டர், ஒரு மஞ்சள் பெட்டி. பெயர் 'அப்பா'. முக்கால்வாசி டிஸ்கை அதுவே தின்றிருந்தது.

அப்பாவின் சாவு வீட்டு வீடியோ அது. எங்கள் பக்கம் இது வழக்கம்தான். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டில் சாவு விழுந்தால், பந்தல்காரனுக்கு முன்னால் கேமராக்காரன் வந்துவிடுவான். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டு மூன்று கேமரா சொல்லியிருந்தான். ஒன்று வாசலில், ஒன்று அப்பாவின் தலைமாட்டில், ஒன்று மேலே பறப்பது. வெட்டி ஒட்டக்கூடாது, எடுத்தது அத்தனையும் வேண்டும் என்பது அவனுடைய உத்தரவு. தலைக்கு மேல் அந்தப் பறக்கும் கேமரா கொசு மாதிரி ரீங்காரம் போட, கூடியிருந்தவர்கள் அப்பாவை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. முந்தின இரவு முழுக்க அப்பாவின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற கை மரத்துப்போயிருந்தது. ஸ்டூடியோக்காரர் என் முன்னால் வந்து குனிந்தார்.

"தங்கச்சி, இந்தப் பக்கம் திரும்பி அழுங்கோ. அண்ணன் பாப்பாருல்லா."

திரும்பினேன். அழுதும் காட்டினேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மூன்று மாதம் கழித்து அண்ணன் லீவில் வந்தான். ஸ்டூடியோவிலிருந்து அத்தனையையும் வாங்கி இந்த லேப்டாப்பில் ஏற்றினான். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "போடு மக்கா, பாப்போம்" என்றாள். "பின்ன பாக்கலாம்மா" என்றான். பின்ன, தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கப் போனான். வளைகுடாவுக்குத் திரும்பும்போது லேப்டாப்பை என்னிடம் கொடுத்து, அந்தப் பெட்டியில் மட்டும் கை வைக்காதே என்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு போனுக்குப் பிறகும் அம்மா என்னிடம் கேட்பாள், அவன் பாத்தானாட்டி? பாத்திருப்பான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைதான் முதல்முறையாக அந்தப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எண்கள் மட்டுமே பெயராக நூற்றுக்கணக்கான கோப்புகள். ஒன்றைத் தட்டினேன். கணினி என்னிடம் கேட்டது: இதை எதைக் கொண்டு திறக்க? இன்னொன்றைத் தட்டினேன். அதே கேள்வி. கேமராவில் இருந்தபடியே கொட்டிய கோப்புகள், அவற்றை ஓட்டத் தனியாக ஒரு செயலி வேண்டும். அப்படி ஒன்று அந்த லேப்டாப்பில் இல்லை. இருந்ததே இல்லை. வேறு பிரதி எதுவும் அவன் கொண்டுபோகவில்லை. அவன் அப்பாவை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. என்னை அழவைத்து எடுத்ததையும் பார்க்கவில்லை.

அப்போது அவன் கூப்பிட்டான். எண்ணின் பொருளைச் சொன்னேன். மறுக்கவில்லை.

"அது அப்பாவாக்கும். அழிக்கச் சொல்லுதியா? நான் அடுத்த லீவுக்கு வந்து மாத்திக்கிடுதேன். நீ பரீச்சைய தள்ளி வை."

"தள்ள முடியாது. நாளைக்கு."

"அப்ப எழுதாண்டாம். என்ன கெட்டுப்போச்சு இப்ப?"

போனை வைத்தேன். ஒரு புது ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதில் மாற்றியிருக்கலாம். தக்கலையில் கிடைக்கும், பஸ் ஏறினால் இருபது நிமிடம், கடை திறந்திருக்கும் நேரம்தான். நான் போகவில்லை. இதை ஒத்துக்கொள்கிறேன். பெட்டியின் மேல் ஒரு தட்டு, குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேராக அழிக்கிற இரண்டு விசைகள். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். கோபம்தான் வந்தது, அதுவும் இன்பமாக வந்தது.

அப்டேட்டை மறுபடி தொடங்கினேன். முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தாறு. அம்மா பாலில்லாத கட்டஞ்சாயா கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, "செரியாச்சா?" என்று கேட்டாள். "ஆச்சும்மா" என்றேன். "அண்ணன் சொல்லித் தந்தானா?" என்றாள். ஓ என்று தலையாட்டினேன். தேர்வுக்காரர்களின் சோதனையில் கடைசி வரியும் பச்சையானது.

அண்ணனுக்கு நானே போன் போட்டேன். அவனுக்கு வலிக்க வேண்டும் என்பதற்காகவே போட்டேன்.

"அப்டேட் ஆச்சு. அழிச்சிட்டேன். நீ ஒரு நாளும் அத பாக்கல்ல, எனக்குத் தெரியும்."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.  மெதுவாகப் பேசினான்.

"பாக்க முடியல்லட்டி. கண்ணு அங்க போவல்ல. செரி, போ. எழுது. ஆனா ஒண்ணு கேக்கட்டா? அப்பா சாவுக்கு கூட நின்னு எடுக்க வைக்க நீ இருந்த. நீயும் போயிட்டா, நாளைக்கு அம்மைக்கு ஆரு எடுப்பா?"

நான்கு நாள் என்னைச் சுற்றவிட்டது இதற்குத்தான் என்று புரிந்தது.  தெரிந்த கெட்ட வார்த்தைகளில் ஒன்றைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

தேர்வு எழுதினேன். தேறினேன். வந்துவிட்டேன். இங்கே எனக்குத் தனிக் கம்ப்யூட்டர், நான் தூங்கும்போது அதுவே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, யாரையும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீடியோ காலில் வருவாள். போனை எப்படிப் பிடிக்கச் சொன்னாலும் நெற்றியும் கூரை மின்விசிறியும்தான் தெரியும். போன மாதம் சர்க்கரை கூடி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணனுக்கும் கிடைக்கவில்லை. அந்த ஸ்டூடியோக்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்து என் போனில் சேர்த்து வைத்திருக்கிறேன்.