கிளாவரை இணைப்பைக் கேட்டவள்

கன்னிவாடிச் சந்தையில் மொச்சை வாங்கிக்கொண்டு நின்றபோது பிலோமினாவின் தம்பி அந்தோணியின் போன் வந்தது. "அண்ணே, அக்கா போயிருச்சு. வெள்ளனேயே முடிஞ்சிருச்சு. நாளைக்குப் பெருமாள்மலையில அடக்கம். நம்ம ஆளுகளுக்கு நீங்களே சொல்லிருங்க." போனை வைத்துவிட்டான். மொச்சையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு மலைப் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.

எங்கள் அறக்கட்டளையில் வேலை பார்த்து, பிறகு திசைக்கொருவராகப் போய்விட்டவர்களுக்காகவும், பிலோமினாவை அறிந்த மேல்மலைக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அவளை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு வந்தவர்கள். பெருமாள்மலைக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவள் பிறந்தாள். திண்டுக்கல்லில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து எங்களிடம் வந்தாள். மேல்மலையில் செல்போன் கோபுரம் முளைக்காத வருடங்கள் அவை. கிளாவரை சுகாதார மையத்தில் இருக்கும் நர்ஸ், கொடைக்கானலில் இருக்கும் டாக்டரைத் திரையில் பார்த்துப் பேசுவதற்காக ஒரு வயர்லெஸ் இணைப்பு போட்டிருந்தோம். கிளாவரையில் ஓர் ஆன்டெனா, நடுவில் மன்னவனூர் மேட்டில் ஒரு கம்பம், கொடைக்கானல் டவுனில் மருத்துவமனை மொட்டைமாடியில் இன்னோர் ஆன்டெனா. அதைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஊர்களோடு பேசுவது என் பொறுப்பு.

பேசுவதைக் 'கதைக்கிறது' என்றுதான் சொல்வாள். அது வீட்டிலிருந்து வந்த பழக்கம். "டவுனும் கதைக்குது, கிளாவரையும் கதைக்குது. ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்கு விளங்குதான்னுதான் பார்க்கணும்ணே" என்பாள். அப்போது எனக்கு அது ஒரு பேச்சாகத்தான் பட்டது.

ஒரு மே மாத மாலையில் கிளாவரையில் வீட்டிலேயே பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை மையத்துக்குத் தூக்கி வந்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் நாகஜோதி டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறாள். இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடியும், மறுபடியும் கூப்பிட்டதாகச் சொன்னாள். கடைசியில் கேரட் ஏற்ற வந்த லாரியில் அந்தப் பெண்ணை ஏற்றி அனுப்பினாள். லாரி பூம்பாறையைத் தாண்டும் முன்பே அந்தப் பெண் இறந்துவிட்டாள். பிள்ளை பிழைத்தது.

டவுனில் டாக்டரின் கம்ப்யூட்டரில் எந்த அழைப்பும் வந்ததற்கான தடயம் இல்லை. மூன்று இடத்திலும் சிக்னல் விளக்குகள் முழுதாக எரிந்தன. "லைன் நல்லாத்தான் இருந்திருக்கு. அந்த நர்ஸ் பொண்ணு கூப்பிடவே இல்ல" என்றார் எங்கள் செயலர். நாகஜோதியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

பிலோமினா அதை ஒப்புக்கொள்ளவில்லை. "விளக்கு எரியுதுன்னா சத்தம் கேக்குதுன்னுதான் சார் அர்த்தம். சொன்னது போய்ச் சேர்ந்துச்சான்னு அந்த விளக்குக்குத் தெரியாது" என்று செயலரிடமே சொன்னாள். காற்றில் துண்டு துண்டாகப் போகும் தகவலை, ஒவ்வொரு பாக்கெட்டையும், ஒட்டுக்கேட்டுக் காட்டும் அனலைசர் ஒன்று வேண்டும் என்றாள். டவுனில் கூட்டம் இருக்கும் சீசன் முடிவதற்குள், அன்றைய நிலைமை மாறும் முன்பே வேண்டும் என்றாள்.

சென்னையிலிருந்து ஒரு விற்பனையாளர் கையடக்கமான கருவியோடு வந்தார். திரையில் சிவப்பும் பச்சையுமாக மலைமலையாகப் படம் விழுந்தது. செயலருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிலோமினா மட்டும் கேட்டாள்: "இது நெட்வொர்க்ல சேராம ஒதுங்கி நின்னு கேக்குமா?"

"மேடம், இது எல்லாத்தையும் காட்டும்."

"ஒரே பாக்கெட்டத் திரும்பத் திரும்ப அனுப்பினா, அதைத் தனியாக் காட்டுமா? பதில் வந்துச்சா இல்லையான்னு காட்டுமா? கேட்டத எல்லாம் டிஸ்க்ல சேத்து வைக்குமா?"

அவர் கையேட்டைப் புரட்டினார். அடுத்த மாடலில் வரும் என்றார். "இது காத்துல எவ்வளவு சத்தம்னு காட்டுது. யாரு என்ன சொன்னாங்கன்னு காட்டல" என்று நன்றி சொல்லி அனுப்பிவிட்டாள்.

இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளைப் பழைய லேப்டாப்பில் ஏற்றினாள். ஆனால் எல்லா வயர்லெஸ் கார்டும் இப்படி ஒதுங்கி நின்று கேட்க விடுவதில்லை. தனக்கு வரும் பேச்சை மட்டும் கேட்டு மற்றதை உதறிவிடும். அதற்கேற்ற சிப் உள்ள கார்டைத் தேடி மதுரைக் கடைகளில் அலைந்தாள். அட்டைப்பெட்டியில் ஒரு பெயரும் உள்ளே வேறு சிப்புமாக இருந்ததால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி போய், ஒருவழியாக வெளி ஆன்டெனா மாட்டும் துளையோடு ஒன்றைக் கொண்டுவந்தாள். கலரும் இல்லை, படமும் இல்லை. வரிவரியாக எழுத்து மட்டும் ஓடியது. இதற்கா இத்தனை அலைச்சல் என்று கேட்டேன். "ஒருத்தி சொன்னது நெசமான்னு பார்க்கத்தானேண்ணே. அதுக்குப் படம் எதுக்கு?" என்றாள்.

முதலில் கிளாவரைக்குப் போனோம். வேலையில் இல்லாத நாகஜோதி வந்து, அதே மாலை வேளையில் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். கிளாவரையிலிருந்து போனதை மன்னவனூர்க் கம்பம் வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு வரிக்கும் கீழே உடனே பதில் வரி விழுந்தது. "இங்கிட்டுத் தப்பில்ல" என்றாள் பிலோமினா. மறுநாள் மன்னவனூர் மேட்டில், ஆட்டுப் பண்ணைப் பக்கமிருந்து அடித்த காற்றில் லேப்டாப்பைச் சாக்கால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து டவுனுக்குப் போன வரிகளுக்குக் கீழே பதில் இல்லை. அதே பாக்கெட், மறுபடியும் அதே பாக்கெட். பிறகு கம்பம் ஓய்ந்து, அதைக் கைவிட்டது.

டவுன் மொட்டைமாடியில் லேப்டாப்பைத் திறந்ததும் விஷயம் வெளிச்சமாயிற்று. அந்த சீசனுக்குத்தான் பக்கத்து ஹோட்டல் ஒன்று அறைக்கு அறை வயர்லெஸ் போட்டிருந்தது. எங்கள் இணைப்பு பேசும் அதே சேனலில் போட்டிருந்தது. ஊர் சுற்றிவிட்டு விருந்தாளிகள் அறைக்குத் திரும்பும் மாலையில் அது ஓயாமல் பேசியது. ஹோட்டல் மேட்டுக்குப் பின்னால் இருந்ததால் அதன் பேச்சு மன்னவனூருக்குக் கேட்காது. காற்று காலியாக இருக்கிறது என்று நினைத்து மன்னவனூர் பேசும். இரண்டும் ஒரே நேரத்தில் எங்கள் மாடி ஆன்டெனாவில் விழுந்து, ஒன்றும் விளங்காமல் போகும். சிக்னல் விளக்கு மட்டும் நன்றாக எரியும்.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினாள். செயலர் குறுக்கிடாமல் கேட்டார். முடிவில் ஒன்றுதான் கேட்டார்: "இதெல்லாம் இந்த வாரம் பிடிச்சது. அன்னைக்கு அந்தப் பொண்ணு கூப்பிட்டுச்சா, இல்லையா? அதச் சொல்லுங்க போதும்."

பிலோமினா திரும்பி வாசலைப் பார்த்தாள். நாகஜோதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"அன்னைக்கு நான் கேட்டுக்கிட்டு இல்ல சார். கூப்பிட்டிருந்தாலும் வந்து சேர்ந்திருக்காது. அது மட்டுந்தான் சொல்ல முடியும். கூப்பிட்டுச்சான்னு எனக்குத் தெரியாது."

"அப்ப சரி" என்றார் செயலர். நாங்கள் வெளியே வந்தபோது பெஞ்சில் யாருமில்லை. அந்த வாரமே நாகஜோதியை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதன் பிறகு அவள் பிலோமினாவோடு பேசவே இல்லை.

ஹோட்டல் மேலாளரிடம் நடையாய் நடந்து சேனலை மாற்ற வைத்தாள் பிலோமினா. இணைப்பு தெளிந்தது. அடுத்த சீசனில் அந்தச் சரிவிலிருந்த லாட்ஜ்கள் எல்லாம் வயர்லெஸ் போட்டன. எவரும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட அலைவரிசை அது. யாரிடம் போய்ப் புகார் சொல்வது? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு லாட்ஜ் லாட்ஜாகப் படியேறினாள். "ஒருத்தர் நகந்தா இன்னொருத்தர் வந்து உக்காந்துக்கிறாகண்ணே" என்றாள். அப்போதும் அவள் சிரித்ததாக நினைவில்லை. பணம் கொடுத்து வந்தவர்கள் கையை விரித்ததும் அறக்கட்டளை திட்டத்தை மூடியது. கிளாவரையில் ஆன்டெனாவை இறக்கப் போனபோது, இறந்த பெண்ணின் கணவர் இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றார். "மாட்டுறப்பவும் எங்கள ஒரு வார்த்த கேக்கல. கழட்டுறப்பவும் கேக்கல. நடத்துங்க" என்றார்.  பிலோமினா கேபிளைச் சுருட்டியபடி நின்றாள்.

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. கண்டுபிடித்தபோதே எல்லை தாண்டியிருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது குரல் தேய்ந்து போயிருந்தது. நாகஜோதி எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். எங்கள் ஊர் கன்னிவாடியில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்பதாகச் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "அன்னைக்குக் 'கூப்பிட்டுச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமாண்ணே?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 

அடக்கத்துக்கு நாகஜோதி வந்திருந்தாள். நான் சொல்லி அனுப்பியிருந்தேன். வருவாள் என்று நினைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, மூடுபனியில் தனியாக நின்றாள். "கடைசியா ஏதாச்சும் சொல்லுச்சாங்க?" என்று கேட்டாள். பிலோமினா கேட்டதை அப்படியே சொன்னேன்.

"சொல்லியிருக்கலாங்க" என்றாள் நாகஜோதி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "தெரியாதத அது சொல்லாதுன்னு எனக்கும் தெரியும். நான் கூப்பிட்டேங்க. சத்தியமாக் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, வத்தலக்குண்டுப் பேருந்தை நிறுத்தி ஏறிப் போனாள்.

பிலோமினாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஆஸ்பத்திரியில் அவள் கேட்ட அந்தக் கேள்வி ஒன்றுதான். ஆமாம் என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால், நாகஜோதியிடம் போய்ச் சொல்லுங்கள்.